மசி காயும்வரை

உபுட், பாலி
ஞாயிறு இரவு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கைநடுக்கம் எப்படி இருக்கிறது என்று சித்தியிடம் போனில் கேட்டால் "அப்படியேதான் இருக்கு" என்கிறார். உங்களிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் போனை வைத்துவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். வெளியே நல்ல மழை. வயல் தவளைகள் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கின்றன.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. "அந்த ஊர்க்காரங்க கறுப்பு போடுறதை ஒரு புத்தகத்துல பார்த்திருக்கேன் பாப்பா. எப்படிப் போடுறாங்கன்னு மட்டும் பார்த்துட்டு வா." வேறு எதுவும் கேட்கவில்லை நீங்கள். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷம் அச்சகத்து மேஜையில் இண்டியன் இங்க்கோடு வாழ்ந்தவர் நீங்கள். ஹாஃப் டோன் பிளாக்குக்கு யாரும் காசு தரமாட்டார்கள், லைன் பிளாக்குதான். சாம்பல் நிறம் வேண்டுமென்றால் கோட்டுக்குப் பக்கத்தில் கோடு, அதற்கு நடுவே இன்னொரு கோடு என்று நெருக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு பெண்ணின் கன்னத்து நிழலுக்காக ராத்திரி பதினொரு மணிவரை நிப்பைத் தொட்டுத் தொட்டு நீங்கள் கோடு போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். சாம்பல் நிறத்தை உங்களுக்குக் கொடுக்காத தொழில் அது. எனவே இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு கேள்விக்கான பதில்தான். கொஞ்சம் சுற்றித்தான் வரும்.

உபுடுக்குத் தெற்கே பாத்துவான் என்று ஒரு கிராமம். மசி ஓவியத்துக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு பெரியவரின் வீட்டுத் திண்ணையில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். எழுபதைத் தாண்டியவர். எல்லோரும் 'பாக்' என்று கூப்பிடுகிறார்கள், நாம் 'ஐயா' என்கிற மாதிரி. அவர் பாலி மொழியில் பேச, பேத்தி எனக்கு ஆங்கிலத்தில் சொல்வாள்.

முதலில் முழுப் படமும் பென்சிலில் வருகிறது. பிறகு மூங்கிலைச் சீவிச் செய்த பேனாவால் மசிக் கோடு. இதற்கு 'ஞாவி' என்று பெயர். இந்த இரண்டும் உங்களுக்குப் புதிதில்லை. அதற்குப் பிறகு வருவதுதான் நீங்கள் கேட்டது. அதன் பெயர் 'சிகார் மங்சி'. சிகார் என்றால் பிளப்பது, பாதியாக வகுப்பது. மங்சி என்றால் மசி.

ஒரே ஒரு இலையைச் சொல்கிறேன், மீதியை நீங்கள் பிடித்துக்கொள்வீர்கள். சீன மசிக் கட்டியைத் தண்ணீர் விட்டு உரைத்து வைத்திருக்கிறார். அதில் நிறையத் தண்ணீர் கலந்து, வெளிறிய சாம்பலாக்கி, இலையின் ஒரு விளிம்பில் மட்டும் தொட்டு வைக்கிறார். காய்வதற்குள் இன்னொரு பிரஷ் வருகிறது. அதில் மசியே கிடையாது, வெறும் தண்ணீர். விளிம்பில் இருக்கும் சாம்பலை அது இலையின் மறுபாதிக்கு இழுத்துக்கொண்டு போகிறது. இந்த ஓரம் நிறம், அந்த ஓரம் தாளின் வெள்ளை, நடுவே எங்கே மாறியது என்று சொல்ல முடியாது. இவ்வளவுதான் முதல் சுற்று. பிறகு காயவிடுகிறார். காய்ந்ததும் அதே விளிம்பில் மறுபடியும் அதே வெளிறிய மசி, மறுபடியும் தண்ணீர். ஒரு இலைக்கு ஐந்து சுற்று எண்ணினேன். படத்தில் ஆயிரக்கணக்கில் இலைகள்.

"கெட்டியான மசியை ஒரேயடியாக வைத்தால் என்ன?" என்று கேட்டேன். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். அவர் பதில் சொல்லவில்லை. ஒரு துண்டுத் தாளை எடுத்து, கெட்டி மசியை ஒரு பொட்டாக வைத்தார். பக்கத்திலேயே, முன்பு பலமுறை ஏற்றிக் காயவைத்திருந்த ஒரு துண்டைப் போட்டார். முதல் கறுப்பு தார் பூசியதுபோல் தாளின்மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டாவது தாளுக்குள்ளே இறங்கியிருந்தது. ராத்திரி கிணற்றை எட்டிப் பார்த்தால் கண் பழகப் பழக உள்ளே படிக்கட்டு தெரியுமே, அந்தக் கறுப்பு. சித்தப்பா, அங்கே கறுப்பு என்று தனியாக ஒரு நிறம் இல்லை. சாம்பல்மேல் சாம்பலாகச் சேர்ந்து சேர்ந்து அது கடைசியில் கறுப்பாகிறது. அவசரப்பட்டு ஈரத்தின்மேல் அடுத்த சுற்றை வைத்தால் கீழே இருப்பது கரைந்து சேறாகிவிடும். வேலையில் பாதி நேரம் காத்திருப்பதுதான்.

மங்சி என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. இங்க் பாட்டிலைக் கடைசிவரை மசிக்கூடு என்றுதானே சொன்னாள்? வடமொழியின் மஷி நம் பக்கம் மசியாகவும், பழைய ஜாவா மொழி வழியாக இவர்கள் பக்கம் மங்சியாகவும் வந்திருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து "எங்கள் ஊரிலும் மசிதான்" என்று நான் சொன்னபோது அந்தப் பெரியவர் அந்தச் சொல்லை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இந்த மசி முதலில் தாளுக்கு வரவில்லை, ஓலைக்குத்தான் வந்தது. 'லொந்தார்' என்கிறார்கள். ரொன் என்றால் இலை, தால் என்றால் பனை, ரொன்தால் புரண்டு லொந்தார் ஆகிவிட்டது. நம் சுவடி மாதிரியேதான்: நறுக்கிப் பதப்படுத்திய பனையோலை, நடுவே துளை, கோத்த கயிறு. எழுத்தாணிக்குப் பதிலாகச் சின்னக் கத்தி ஒன்று. கீறிய பிறகு, குக்குய் நட் என்று கடைகளில் சொல்கிற கெமிரிக் கொட்டையைச் சுட்டு எடுத்த எண்ணெய்க் கரியை ஓலை முழுக்கத் தேய்த்துத் துடைத்துவிடுகிறார்கள். கீறலுக்குள் போன கரி மட்டும் நிற்கிறது. வடக்கே சிங்கராஜாவில் 1928இல் தொடங்கிய கெடோங் கீர்த்யா என்ற நூலகத்தில் இப்படிப்பட்ட ஓலைகளைப் பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறார்கள்.

நம்மிடம் அவ்வளவாக இல்லாத ஒன்று இங்கே செழித்திருக்கிறது. ஓலையில் எழுத்தைக் கீறுவதுபோலவே படத்தையும் கீறுகிறார்கள். 'பிராசி' என்று பெயர். இரண்டு விரல் அகல ஓலையில் இராமாயணப் போர்க்களமே இருக்கிறது. ரதம், குதிரை, அம்பு, மேகம், ஓரத்தில் ஒரு மரம், அந்த மரத்தில் இலை இலையாக. கீறியது கீறியதுதான், அழிக்க முடியாது. பூதக்கண்ணாடியில் அதைப் பார்த்தபோதுதான் பாத்துவான் படங்களில் ஏன் ஓர் அங்குல இடம்கூட சும்மா இருப்பதில்லை என்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது. ஓலையில் பழகிய கை அது. குறுகிய இடத்துக்குள் உலகத்தை அடக்கப் பழகிய கைக்கு, பெரிய தாள் கிடைத்ததும் அந்தத் தாளும் சின்ன இடங்களின் கூட்டமாகவே தெரிந்திருக்கும்.

இன்னொரு வேர் இன்னும் ஆழமானது. நான் தங்கியிருக்கும் வீட்டில் புதிதாக ஓர் அறை கட்டியிருக்கிறார்கள். அதன் கூரைக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணி தொங்குகிறது. அதில் கறுப்பில் ஒரு தெய்வ உருவம், சுற்றிலும் எழுத்துகள், மேலே ஓங்காரம். 'உலாப்-உலாப்' என்று பெயர். புதுக் கட்டடத்துக்கு உயிர் கொடுக்கும் சடங்கில் அதை ஏற்றுவார்களாம். இதுபோன்ற மந்திரச் சித்திரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் 'ரெராஜஹான்'. இறந்தவர்மேல் போர்த்தும் துணியிலும் இவை உண்டு. இங்கே எழுத்தும் படமும் இரண்டு வேறு காரியங்கள் இல்லை. கோடு சரியாக விழுந்தால் அதில் சக்தி இறங்கும், தப்பாக விழுந்தால் தொல்லை வரும். 210 நாளுக்கு ஒருமுறை இவர்களுக்குச் சரஸ்வதி நாள் வருகிறது. அன்றைக்கு ஓலைகளுக்குப் படையல் வைத்துப் பூஜை முடியும்வரை யாரும் படிப்பதில்லை, எழுதுவதில்லை. நீங்கள் சரஸ்வதி பூஜையன்று நிப்பையும் பிரஷையும் துடைத்து மணையில் வைத்துவிட்டு நாள் முழுக்கக் கை சும்மா இருக்க முடியாமல் தவிப்பீர்களே, அது ஞாபகம் வந்தது.

கோடு உயிருள்ளது என்ற நம்பிக்கைக்கு ஒரு கதையும் இருக்கிறது, ஜாவாவிலும் பாலியிலும் சொல்கிறார்கள். ராஜா தன் ராணியை வரையச் சொல்கிறார். ஓவியர் வரைகிறார். முடிக்கிற நேரத்தில் ஒரு சொட்டு மசி படத்தின்மேல் விழுந்து மச்சமாகிவிடுகிறது. ராணிக்கு அதே மறைவான இடத்தில் நிஜமாகவே மச்சம் உண்டு. உனக்கு எப்படித் தெரிந்தது என்று ராஜாவுக்குச் சந்தேகம். ஓவியரை ஒரு பெரிய பட்டத்தில் கட்டி வானத்துக்கு அனுப்பிவிடுகிறார், அங்கே இருப்பதையெல்லாம் வரைந்துகொண்டு வா என்று. கதாசரித்சாகரத்தில் வரருசிக்கும் இப்படி ஒரு மச்சத்தால்தான் ஆபத்து வரும், நீங்களே எனக்குச் சொன்ன கதை. ஆனால் பட்டம் இந்தத் தீவுகளின் கற்பனை. பாலியில் வயல் அறுவடை முடிந்து காற்று கிளம்பியதும் வானமெல்லாம் பட்டம்தான்.

ஓவியரைக் குறிக்கும் பழைய சொல் 'சங்கிங்'. படம் வரைகிறவரும் சங்கிங், இளம் பிள்ளைகளுக்கு அரத்தால் பல்லைச் சமன் செய்கிற சடங்கைச் செய்கிறவரும் சங்கிங். ஆறு மேல்பற்களின் கூர்மையைத் தேய்த்து, காமம் கோபம் முதலிய ஆறு பகைகளை அடக்குகிற சடங்கு அது. கலைஞர் என்ற தனிப் பீடம் எதுவும் அந்தச் சொல்லில் இல்லை. கைநுட்பமும் தூய்மையும் உள்ளவர், அவ்வளவுதான்.

சங்கிங்குகளின் ஊர் கமாசான், கிழக்கே குளுங்குங் அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கேயும் ஒரு நாள் போனேன். துணியை அரிசிக் கஞ்சியில் தோய்த்து, வெயிலில் காயவைத்து, சோழியால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். வீட்டு ஆட்கள் எல்லோரும் சேர்ந்துதான் ஒரு படம். மூத்தவர் உருவங்களை வரைவார், மற்றவர்கள் வண்ணம் நிரப்புவார்கள், கடைசியில் மூத்தவர் வந்து கறுப்புக் கோட்டால் கண்ணையும் விரலையும் முடிப்பார். கீழே கையெழுத்து கிடையாது. உருவங்கள் எல்லாம் தோல்பாவைகளை ஒத்திருக்கும், முக்கால்முகம் காட்டி நிற்கும். அரண்மனையின் கெர்த்தா கோசா மண்டபத்து உள்கூரை முழுக்க இந்தப் பாணிதான். இப்போது இருப்பது 1960இல் கமாசான்காரர்கள் புதிதாக வரைந்தது. அங்கே ஒரு கதை: பாண்டுவும் மாத்ரியும் நரகத்தில் கிடக்க, அவர்களை மீட்டு வரும்படி குந்தி பீமனை அனுப்புகிறாள். பீமன் நரகத்துக்குள் புகுந்து எமபடர்களை அடித்து நொறுக்கி, கொப்பரையைக் கவிழ்த்து உயிர்களை வெளியே எடுக்கிறான். நம் பாரதத்தில் இல்லாத பீமன். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது, ஆனாலும் இறங்கி வர மனமில்லை. கீழ் வரிசையில் பஞ்சதந்திரக் கதைகள், இங்கே அவற்றைத் தந்த்ரி என்ற பெண் ராஜாவுக்கு இரவு இரவாகச் சொல்கிறாள்.

இந்த மாதிரி அரண்மனைகள் சில சரிந்தது 1906இலும் 1908இலும். டச்சுப் படை வந்தபோது பதுங்கில் 1906இலும், குளுங்குங்கில் 1908இலும், ராஜ குடும்பத்தார் வெள்ளை உடுத்திக்கொண்டு துப்பாக்கிகளுக்கு நேரே நடந்து போய் மாண்டார்கள். அதற்குப் பிறகு துணியில் படம் கேட்கும் அரண்மனைகள் குறைந்துபோயின. கோயில்கள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. 1920களில் கப்பலில் சுற்றுலாக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். 1927இல் வால்டர் ஸ்பீஸ் என்ற ஜெர்மன்காரரும் 1929இல் ருடால்ஃப் போனே என்ற டச்சுக்காரரும் வந்தார்கள், இரண்டு பேரும் ஓவியர்கள். உபுடின் ராஜ குடும்பத்தாரும் இவர்களும் சேர்ந்து 1936 ஜனவரியில் ஓவியர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் பெயர் பித்தா மஹா. ஆமாம், நம் பிதாமகர்தான்.

சித்தப்பா, இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். பாலியின் நவீன ஓவியம் வெள்ளைக்காரர்கள் கற்றுக்கொடுத்தது என்று சொல்லிவிடுகிறார்கள். கடைகளில் பயணிகளுக்குச் சொல்கிற கதையும் அதுதான். அவர்கள் தாள் கொடுத்தார்கள், வாங்குகிறவர்களைக் கொண்டுவந்தார்கள், தரமில்லாததை விற்க விடாமல் பார்த்துக்கொண்டார்கள். இதெல்லாம் பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் தாளே அவர்களோடு வந்தது இல்லை. ஃபான் டெர் டூக் என்ற மொழியறிஞர் 1870இலிருந்து வட பாலியில் வாழ்ந்து, பெரிய அகராதி ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்தார். அவருக்காகப் பாலி ஓவியர்கள் 1880களிலேயே ஐரோப்பியத் தாளில் வரைந்து கொடுத்திருக்கிறார்கள். அந்தப் படங்கள் இன்றும் லெய்டனில் இருக்கின்றன. ஸ்பீஸ் பிறப்பதற்கு முன்பே! தாள் புதிது, கை பழையது. ஓலையில் கீறியும், துணியில் கோடு முடித்தும், மந்திர உருவத்தில் பிழையில்லாமல் வளைத்தும் தலைமுறை தலைமுறையாகத் தயாராகியிருந்த கை. அதற்கு யாராவது பாடம் நடத்தியிருந்தால், பாத்துவான் படங்கள் போனேயின் படங்களைப் போலல்லவா இருந்திருக்கும்? போனேக்கு உடற்கட்டும் வெளிச்சமும்தான் உயிர். பாத்துவான் பையன்கள் வரைந்ததோ இருட்டை.

பையன்கள் என்று சொன்னது சும்மா இல்லை. 1930களில் பாத்துவானில் வரைந்தவர்களில் பலர் இருபது வயதைச் சுற்றி இருந்த விவசாயிகள், நடனக்காரர்கள். கிரகரி பேட்சனும் மார்கரெட் மீட்டும் 1936இல் பாலிக்கு வந்த மானுடவியல் தம்பதி. பாலிக்காரர்களின் மனத்தைப் புரிந்துகொள்ள அந்த ஊர்ப் படங்களை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். பாத்துவானிலிருந்து மட்டும் 800க்கும் மேல். பெரும்பாலும் சின்னத் தாள்கள், வண்ணம் கிடையாது, மசி மட்டும். அவற்றில் என்ன இருக்கிறது தெரியுமா? சுடுகாட்டில் ராத்திரி உருமாறும் 'லெயாக்' சூனியக்காரிகள், தொங்கும் நாக்கோடு அவர்களின் தலைவி ராங்தா, ஒற்றைக்காலில் நடக்கும் குரங்கு, பாம்பு சுற்றிய மரம், நடுவே ஒன்றும் தெரியாமல் தூங்கும் மனிதர்கள். காலொனாராங் கதை திரும்பத் திரும்ப வருகிறது: தன் பெண்ணைக் கட்டிக்கொள்ள யாரும் வரவில்லை என்று கோபம் கொண்ட ஒரு விதவை, நாட்டின்மேல் கொள்ளைநோயை ஏவுகிறாள். பயத்தை வரைய அந்தக் கறுப்பு எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். இலைக்கு இலை விளிம்பு மட்டும் வெளிச்சம், மற்றதெல்லாம் பின்வாங்கிக்கொண்டே போகிறது. உருவம் எங்கே முடிகிறது, புதர் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கிறது. சூனியக்காரி அப்படித்தானே வருவாள்?

இடா பகுஸ் மாடே தோகோக் என்ற பாத்துவான் ஓவியர் பேட்சனுக்கும் மீட்டுக்கும் தன் கனவுகளையே வரைந்து கொடுத்திருக்கிறார். 1980களில் ஹில்ட்ரெட் கீர்ட்ஸ் என்ற அறிஞர் பாத்துவானுக்குப் போய் உயிரோடு இருந்த ஓவியர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய புத்தகங்களை இங்கே ஒரு நூலகத்தில் பார்த்தேன். முதல் புத்தகம் 1994இல் வந்தது. தோகோக் தன் வாழ்க்கையைச் சொன்னது 2005இல் தனியாக வந்திருக்கிறது. இடா பகுஸ் ஜாத்திசூரா 1937இல் வரைந்த தகன ஊர்வலப் படத்தைப் பற்றிப் பேட்சன் பின்னாளில் ஒரு பெரிய கட்டுரையே எழுதினார். கீழே பாடை கோபுரத்தைத் தூக்குகிறவர்களின் நெருக்கடி, மேலே அமைதி, சுற்றிலும் ஒழுங்காக அடுக்கிய இலைகள். அந்த இலைகளை வரையும் பொறுமையைப் பற்றியும் அவர் யோசித்திருக்கிறார். எனக்கு அதைப் படிக்கும்போது உங்கள் கன்னத்து நிழல்தான் கண்முன் வந்தது.

அந்த ஊர் ஓவியர்களில் முன்னோடி ஙெண்டோன். பிறகு டச்சுக்காரர்களுக்கு எதிரான விடுதலைப் போராட்டத்தில் சேர்ந்து 1940களில் உயிரைக் கொடுத்தார். ஸ்பீஸின் முடிவும் துயரம்தான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர் என்பதால் டச்சு அரசு சிறைவைத்து, 1942 ஜனவரியில் கப்பலில் ஏற்றி அனுப்பியபோது ஜப்பானிய விமானம் குண்டு போட்டு அந்தக் கப்பல் மூழ்கியது. பித்தா மஹாவும் அந்தப் போரோடு நின்றுபோயிற்று. 1956இல் உபுடில் திறந்த புரி லுகிசான் அருங்காட்சியகம்தான் அந்தக் காலத்துப் படங்களுக்கு வீடு.

அந்த அருங்காட்சியகத்தில்தான் லெம்பாட்டைப் பார்த்தேன். இ குஸ்தி ஞோமான் லெம்பாட். கட்டடக் கலைஞர், சிற்பி, தகன கோபுரம் செய்கிறவர், கடைசியில் மசிக் கோடு போடுகிறவர். பாத்துவானுக்கு நேர் எதிர். தாளில் பாதிக்குமேல் வெறுமை, நடுவே ஒற்றை மசிக் கோட்டில் இரண்டு மூன்று உருவங்கள், உதட்டிலோ நகையிலோ தொட்டும் தொடாமலும் ஒரு துளி சிவப்பும் தங்கமும். இருபது நிமிஷம் ஒரே படத்தின் முன்னால் நின்றேன். ஒரு கிழவியின் முதுகு வளைவு. தோளில் தொடங்கி இடுப்புவரை ஒரே இழுப்பு, எங்கேயும் நிப்பை எடுக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் என் கையைப் பிடித்து அழுத்தியிருப்பீர்கள். 1978 ஏப்ரலில் அவர் இறந்தபோது நூறு வயதைத் தாண்டியிருந்தார். அன்றைக்குக் குடும்பத்தாரைக் கூப்பிட்டு, தன்னைக் குளிப்பாட்டி வெள்ளை உடுத்தச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார் என்று உபுடில் சொல்கிறார்கள்.

லெம்பாட்டின் கோட்டைப் பார்த்துவிட்டு மறுநாள் பாத்துவானுக்குப் போனேன். அன்றைக்குத்தான் ஒன்றைக் கவனித்தேன், சித்தப்பா. முதல் இரண்டு நாளும் என் கண்ணில் படாதது. பெரியவர் காபிக் கோப்பையை எடுத்தார், கோப்பை தட்டில் கடகடவென்று அடித்தது. கை நடுங்குகிறது. உங்களுக்கு நடுங்குவதைவிட அதிகமாகவே.

"அப்படியானால் கோடு?" என்று பேத்தியிடம் மெதுவாகக் கேட்டேன். கோடெல்லாம் அவள் போடுவதுதான். ஆறு வருஷமாக. பென்சிலில் அவர் காட்டுவார், மூங்கில் பேனாவை அவள் பிடிப்பாள். மசி ஏற்றுவது மட்டும் அவர், அதை வேறு யாரிடமும் விடமாட்டாராம். பிறகு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டைத் தொடையில் அழுத்தி வைத்துக்கொள்கிறார். பிரஷ் இலை விளிம்பைத் தொடும் வரைக்கும் நடுக்கம் இருக்கிறது. தொட்ட பிறகு தண்ணீர் பார்த்துக்கொள்கிறது. வெளிறிய மசி என்பதால் கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் அடுத்த சுற்றில் அது நிழலுக்குள் போய்விடுகிறது. கமாசானில் வீடே சேர்ந்து ஒரு படம் போடுவதைப் பார்த்துவிட்டு வந்தவள் நான், இருந்தாலும் இந்தத் திண்ணையில் தாத்தாவும் பேத்தியும் ஒரே தாளை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டதைப் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. அவர்கள் அதைப் பெரிய விஷயமாக நினைக்கவில்லை. வேலை நடந்துகொண்டிருந்தது.

நிப்பை நீங்கள் பெட்டியில் வைத்துப் பூட்டி இரண்டு வருஷம் ஆகிறது. சித்தி சொன்னார்.

இந்தக் கடிதத்தோடு வருகிற தாளைப் பாருங்கள். வாழை மரத்தடியில் ஒரு கொக்கு. கோடு என்னுடையது, மூங்கில் பேனாவில். அங்கங்கே திணறியிருக்கிறேன், கொக்கின் காலைப் பார்த்தால் தெரியும். பெரியவர் சிரித்துக்கொண்டே 'பாகுஸ்' என்றார், நல்லது என்று அர்த்தம். வாழை இலைகளுக்கு இரண்டு சுற்று மசி ஏற்றியிருக்கிறேன், இரண்டும் நன்றாகக் காய்ந்துவிட்டன. மூன்றாவது சுற்றை நான் தொடவில்லை. சீன மசிக் கட்டி ஒன்றும் இரண்டு பிரஷும் தனியாகப் பொதிந்து வைத்திருக்கிறேன். சின்னப் பிரஷ் மசிக்கு, நுனி மழுங்கிய பிரஷ் தண்ணீருக்கு. மசியை உரைக்கும்போது நீங்கள் போதும் என்று நினைப்பதற்கு மேல் இன்னும் இரண்டு பங்கு தண்ணீர் விடுங்கள், அவர் முக்கியமாகச் சொல்லச் சொன்னது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை விமானம். சனிக்கிழமை காலை ஊருக்கு வந்துவிடுவேன். ஞாயிறு மதியம் உங்கள் வீட்டுக்கு வருகிறேன், சித்தியிடம் வத்தக்குழம்பு வைக்கச் சொல்லுங்கள். நான் வரும்போது இலைகள் எந்த அளவுக்கு இருட்டியிருக்கின்றன என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

உங்கள்
பாப்பா